அறங்காவலர்களே, கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள்

விழுப்புரம் மாவட்டத்தில் அறக்கட்டளையின் பெயரில் கல்லூரி நடத்தும் தலைவர்கள், தாளாளர்கள், செயலாளர்கள், அறங்காவலர்கள் அனைவருக்கும்:

செஞ்சி வட்டம் வல்லத்திலிருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகம் உள்ள வல்லம் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறது. எங்கள் வல்லத்தில் ஒன்றிய அலுவலகமும், சுற்றிலும் நெல்லும் மல்லாட்டையும்தான். எங்கள் பிள்ளைகள் மேலே படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் உங்கள் காலேஜ் பஸ்ஸில்தான் ஏற வேண்டும்.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். அரிசி மண்டி, பெட்ரோல் பங்க், ஜவுளிக்கடை என்று என் கை வழியாகப் போன கணக்குகளில் டிரஸ்ட் கணக்குகளும் உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஊரில் சிலர் என் வீட்டுக்கு வருவார்கள். எந்த காலேஜ் நல்லது என்று கேட்க மாட்டார்கள்; அதெல்லாம் பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். ரசீதை நீட்டி இப்படிக் கேட்பார்கள்: “ஏன் சார், இவ்ளோ காசு வாங்குறாங்க, மேல பார்த்தா சாரிட்டபிள் டிரஸ்ட்டுனு போட்டிருக்கே, இது எப்படி சார் தர்மம்?”

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குச் சட்டம் சொல்லும் பதில் உங்கள் பக்கம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு என் வழக்குக்கு வருகிறேன்.

வருமான வரிச் சட்டத்தின் 2(15) பிரிவு, அறநோக்கம் என்றால் எவையெவை என்று ஒரு பட்டியல் தருகிறது. ஏழைகளுக்கு உதவுவது, கல்வி, யோகா, மருத்துவ உதவி, சுற்றுச்சூழலைக் காப்பது, பழைய நினைவுச்சின்னங்களைக் காப்பது, கடைசியாகப் பொதுமக்களுக்குப் பயன்படும் வேறு எந்தப் பணியும். நாளைக்கே நாலு பேர் சேர்ந்து செஞ்சிக் கோட்டையைப் பராமரிக்க டிரஸ்ட் எழுதினால் அதுவும் அறம்தான். (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி எழுதி 2025-இல் புதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள், 2026 ஏப்ரல் 1 முதல் பிரிவு எண்ணெல்லாம் வேறு. சாரம் அதேதான் என்பதால் கை பழகிய எண்ணையே சொல்கிறேன்.) அந்தப் பட்டியலில் ‘கல்வி’ என்று மொட்டையாகத்தான் இருக்கிறது. இலவசக் கல்வி என்றோ ஏழைகளுக்கான கல்வி என்றோ இல்லை. கடைசி வகையான பொதுப் பயன் என்ற தலைப்பில் வருகிறவர்கள் வியாபாரமும் செய்தால், அந்த வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல்விக்கு அந்தக் கடிவாளமும் கிடையாது. ஆக, கட்டணம் வாங்குவதால் மட்டும் ஒரு கல்லூரி அறநிறுவனம் இல்லாமல் போய்விடாது.

இந்தப் பார்வை வெள்ளைக்காரன் வழியாக வந்தது. இங்கிலாந்தில் 1601-இல் போட்ட சட்டம் அறப்பணிகளை வரிசையாகச் சொன்னபோதே பள்ளிகளையும் பல்கலைக்கழக மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. 1891-இல் அங்கே வந்த ஒரு தீர்ப்பு வறுமை ஒழிப்பு, கல்வி, சமயம், பிற பொதுநலம் என்று நான்காகப் பிரித்தது. நம் சட்டத்தின் வேர் அங்கே. ஆனாலும் இது நமக்குப் புதிதில்லை. மேல்சித்தாமூர் சமணர்களைக் கேட்டுப் பாருங்கள். சோறு, மருந்து, அடைக்கலம், கல்வி என்று நான்கு தானம் சொல்வார்கள்.

அதே போல, நம் மாவட்டத்து எண்ணாயிரம் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயில் கல்வெட்டு முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. அந்த ஊரில் ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர், அதற்கென்று விட்ட நிலம் 45 வேலி. வேதம் படிப்பவன், இலக்கணம் படிப்பவன், மேல்படிப்பில் மீமாம்சையும் வேதாந்தமும் படிப்பவன், ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு எவ்வளவு நெல், சொல்லிக்கொடுப்பவருக்கு எவ்வளவு என்று பாடவாரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். படிக்க வந்தவன் பணம் கட்டவில்லை. அவனுக்குத்தான் படி அளந்தார்கள்.

அது பொற்காலம், அதற்குத் திரும்புவோம் என்று சொல்ல நான் வரவில்லை. என் முப்பாட்டன் அந்த வாசலை மிதித்திருக்க முடியாது. வேதம் ஓதும் உரிமை பிறப்பால் இருந்தவர்களுக்கு மட்டுமே அளந்த நெல் அது. இன்று உங்கள் கல்லூரியில் என் தெருப் பிள்ளையும் பக்கத்துச் சேரிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்த வகையில் எண்ணாயிரத்தைவிட நீங்கள் எவ்வளவோ மேல். ஆனால் ஒரு விஷயத்தில் அந்த ஊர்ச் சபையார் உங்களுக்கு மேல். எந்த நிலம், என்ன வரவு, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு சுவரில் இருந்தது.

கொடையிலிருந்து கட்டணத்துக்கு நாம் வந்த பாதை நீளமானது. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது எழுதிவைத்த சொத்து கோயில் தர்மங்களுக்கானது. வழக்கு பல பத்தாண்டு இழுத்து, பணம் வளர்ந்து, கோயில் காரியங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதைக் கல்விக்குச் செலவிட நீதிமன்றம் வழிவிட்டது. 1842-இல் பள்ளி திறந்தது. கல்வியும் தர்மம்தான் என்று சென்னையில் கோர்ட்டு ஏற்றுக்கொண்ட கதை அது. காரைக்குடியில் அழகப்பர் தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் கல்லூரி என்றால் கொடை என்று ஊர் நினைத்துக்கொண்டது. 1984-85 வாக்கில் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. அது வரைக்கும் கொடுத்தவர் பெயர் கல்லூரிக்கு இருந்தது. அதற்குப் பிறகு கொடுப்பது பெற்றோர், பெயர் மட்டும் வேறொருவருடையது.

இதில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுக் கதை. 1929-இல் அது தொடங்கியபோது செஞ்சியும் சிதம்பரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தான் நடத்திவந்த கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 20 லட்சம்! இதைக் கொடை இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. அப்படிப் பிறந்த பல்கலைக்கழகம்தான் 2013-இல் சம்பளம் போடத் திணறி நின்றது. தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்திருந்தது வெளியே வந்தது. அரசு தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. மிகுதியான ஊழியர்களை அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். அந்தச் சம்பளம் நம் வரிப்பணம். அதோடும் முடியவில்லை. அரசு எடுத்த பிறகும் அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகு, 2021-இல்தான் அது கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியாகி, கட்டணமும் இறங்கியது.  

நான் சொல்ல வருவது இதுதான். அறநிறுவனம் நொடித்தால் அதைத் தூக்கிச் சுமப்பது நிறுவனர் குடும்பம் இல்லை, ஊர்தான். கடைசியில் சுமக்கப்போகிறவன் முதலிலிருந்தே கணக்கைப் பார்த்திருக்க வேண்டாமா?

இப்போது சட்டம் உங்களுக்குப் போட்டிருக்கும் நிபந்தனைக்கு வருகிறேன். லாபம் வரலாம், அதை யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அவ்வளவுதான் சுருக்கம். 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது என்றது. டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும். 15 சதவீதத்தைக் கையில் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் காரணம் எழுதிக் கொடுத்து ஐந்து ஆண்டு வரை சேர்க்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கெழுதியவனுக்குத்தான் அதன் சந்துபொந்து தெரியும். கட்டடம் கட்டினால் அதுவும் நோக்கத்துக்கான செலவு. பஸ் வாங்கினாலும் செலவு. ஆகவே மார்ச் மாதம் உபரி மிஞ்சும்போலத் தெரிந்தால் ஒரு பிளாக்குக்கு அஸ்திவாரம் விழும். ரோட்டோரம் நின்று பார்க்கிறவன், “நேத்து ஓட்டுக் கொட்டகை, இன்னைக்கு ஆறு மாடி, என்ன சம்பாத்தியம்டா” என்பான். கட்டடம் டிரஸ்ட் பெயரில் இருக்கிறவரை சட்டப்படி அதில் தப்பில்லை. நிறுவனர், அவர் மனைவி மக்கள், நெருங்கிய உறவினர் யாரும் டிரஸ்ட் பணத்தில் பலனடையக் கூடாது என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் செய்த வேலைக்கு நியாயமான சம்பளம் வாங்கலாம். எது நியாயம்? மகன் இயக்குநர், மருமகள் நிர்வாக அதிகாரி, மச்சானுக்கு கேன்டீன், தம்பி நிலத்துக்கு வாடகை என்று நான்கு வவுச்சரும் தனித்தனியே பார்த்தால் ஒழுங்காகவே இருக்கும். சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆள் வருமான வரி அதிகாரி ஒருவர்தான்; அவர் மேசையில் எத்தனை ஃபைல் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்பஸ் கடிதம் என்போம். ஒருவர் டிரஸ்ட்டின் மூலநிதிக்கு என்று குறிப்பிட்டு எழுதிக் கொடுத்துப் பணம் தந்தால் அது அந்த ஆண்டின் வருமானக் கணக்கில் வராது. நல்ல ஏற்பாடு, உண்மையான கொடையாளிக்காகச் செய்தது. எங்கள் பக்கத்து விவசாயி ஒருவர் ஒருமுறை என்னிடம் அதன் நகலைக் கொண்டுவந்தார். இங்கிலீஷில் டைப் அடித்து, அவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, அதைப் பேனாவால் நிரப்பியிருந்தார்கள். கீழே தமிழில் அவர் கையெழுத்து, ‘மு’ கொஞ்சம் நடுங்கி. “என்ன சார் எழுதியிருக்கு?” என்றார். தாங்கள் செய்துவரும் சேவையால் கவரப்பட்டு, எந்தப் பிரதிபலனும் எதிர்பாராமல், மனமுவந்து இந்தத் தொகையை மூலநிதிக்கு வழங்குகிறேன் என்று எழுதியிருந்தது. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் போட்ட காசும், நகையை வைத்த காசும் சேர்த்துக் கட்டியது அது. மறுநாள்தான் மகளுக்கு அட்மிஷன் போட்டார்களாம். நான் படித்துச் சொன்னதும் சிரித்துவிட்டார். “அப்ப நான் கொடைவள்ளலா சார்?” எந்தக் கல்லூரி என்று நான் எழுதப்போவதில்லை. இந்தக் கடிதத்தை அச்சடித்து வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டணத்தைத் தடை செய்யும் சட்டம் 1992-இலேயே வந்துவிட்டது, சிறைத் தண்டனையோடு. அதற்கு முப்பது ஆண்டு கழித்து, 2022 அக்டோபரில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கல்விக்கான வரிவிலக்கைக் கேட்கிற நிறுவனம் கல்வியை மட்டுமே நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும்; உபரி தற்செயலாக வரலாம், லாபமே குறியாக இருக்கக் கூடாது என்று, தன் பழைய தீர்ப்புகளையே மாற்றிச் சொன்னது. 31-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், சீட்டுக்காக வாங்கிய பணத்தை வேறொரு டிரஸ்ட் வழியாகச் சுற்றிவிட்டாலும் அது நன்கொடை ஆகாது, அப்படி வாங்குகிறவர்கள் அறநிறுவனம் என்று விலக்குக் கேட்க முடியாது என்றது. மகளுக்குச் சீட்டு வாங்கியவர் கொடைவள்ளல் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதியாகிவிட்டது.

நீங்கள் உடனே சொல்வீர்கள்: எல்லாரும் அப்படி இல்லை. உண்மை. கவுன்சிலிங்கில் வரும் பிள்ளைக்குப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 என்று கட்டணக் குழு வைத்த அளவில் ஆய்வகமும் ஆசிரியரும் வைத்து நடத்துவது லேசில்லை. அரசு தரவேண்டிய உதவித்தொகை தாமதமாக வருகிறது. ஒரு காலத்தில் 500-ஐத் தாண்டிய பொறியியல் கல்லூரிகளில் பல மூடிவிட்டன. உங்களில் சிலர் கடன் வாங்கிச் சம்பளம் போடுவதும் எனக்குத் தெரியும். அதையும் சேர்த்துக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். நஷ்டத்தில் நடத்துகிறவருக்கு மறைக்க என்ன இருக்கிறது?

உங்கள் வரவில் ஊர்ப்பணம் எவ்வளவு என்று பாருங்கள். முதல் பட்டதாரிச் சலுகை அரசுப் பணம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் உதவித்தொகை அரசுப் பணம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் 2021 முதல் அரசே கட்டுகிறது. இவை போக, நீங்கள் கட்டாத வருமான வரி இருக்கிறது. எங்கள் மளிகைக்கடைக்காரர் லாபத்துக்கு வரி கட்டுகிறார், நீங்கள் உபரிக்குக் கட்டுவதில்லை. அந்தக் கட்டாத வரி ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் உங்கள் உண்டியலில் போடும் பணம். ஆகவே எங்களையும் கொடையாளிகள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உண்டியல் என்றதும் மேல்மலையனூர் நினைவுக்கு வருகிறது. அங்காளம்மன் கோயில் உண்டியலை அதிகாரிகள் முன்னிலையில் எண்ணி, எத்தனை லட்சம், எத்தனை கிராம் தங்கம், எவ்வளவு வெள்ளி என்று மறுநாள் பேப்பரில் போடுகிறார்கள். எங்கள் ஊராட்சி வரவு செலவைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இப்போது தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தெருவிளக்கு பல்பு வாங்கியதற்குத் தலைவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறோம். கோடிக்கணக்கில் புழங்கும் கல்லூரி டிரஸ்ட்டை அப்படிக் கேட்க இடமே இல்லை. மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் பொது அறக்கட்டளைகளைக் கவனிக்க அறநிலைய ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் இந்துக் கோயில்களுக்கு அறநிலையத் துறை, சங்கங்களுக்குப் பதிவாளர். பொது அறக்கட்டளைக்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பத்திரம் பதிவதோடு சரி. தப்பு நடந்தால் அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போடலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு சொல்கிறது. வல்லத்திலிருந்து எந்த இரண்டு பேர் போவார்கள்?

வெளிநாட்டிலும் இந்தச் சச்சரவு ஓயவில்லை. இங்கிலாந்தில் பணக்காரப் பள்ளிகள் பலவும் அறநிறுவனங்களாகவே இருக்கின்றன. ஆனால் 2025 ஜனவரியிலிருந்து அவற்றின் கட்டணத்துக்கு 20 சதவீத வரி போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தனியார் கல்லூரி, ஃபார்ம் 990 என்ற ஆண்டறிக்கையை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். தலைவர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்பதுகூட அதில் இருக்கும். இங்கே ஃபார்ம் 10பி தணிக்கை அறிக்கையை நீங்கள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்கு அனுப்புகிறீர்கள், நாங்களே டைப் அடித்திருக்கிறோம். அது எந்தப் பெற்றோர் கண்ணிலும் படுவதில்லை.

2025 அக்டோபரில், இருக்கிற கல்லூரிகள், அரசு உதவி பெறுபவை உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாற வழி செய்யும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆசிரியர் அமைப்புகளும் கட்சிகளும் எதிர்த்ததும், திரும்பப் பெற்று மறுபரிசீலனை செய்வதாக அரசு அறிவித்தது. மறுபடி வரும். நூறாண்டு முன்பு ஊர்க்காரர்கள் கொடுத்த நிலமும், அரசு கொடுத்த சம்பளமும் கலந்து வளர்ந்த கல்லூரியில் எது யாருடையது என்று அன்றைக்குக் கேட்டால் பதில் சொல்ல இன்றைக்கே கணக்கு வெளியே இருக்க வேண்டும்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம். சென்ற ஆண்டு கட்டணமாக வந்தது எவ்வளவு, அதில் அரசு கட்டியது எவ்வளவு, கட்டட நிதி, மூலநிதி, மேம்பாட்டு நிதி என்ற பெயர்களில் வந்தது எவ்வளவு. ஆசிரியர் சம்பளமாகப் போனது எவ்வளவு, எத்தனை பேருக்கு. பட்டியலில் உள்ளதும் கையில் வாங்குவதும் ஒன்றுதானா என்று உங்களிடம் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே படித்துக்கொள்வார்கள். அறங்காவலர்களுக்கும் அவர்கள் உறவினர்களுக்கும் சம்பளம், வாடகை, ஒப்பந்தம் என்று போனது எவ்வளவு. மிச்சம் எவ்வளவு, அது எங்கே இருக்கிறது. உங்கள் சொந்த நிதியிலிருந்து எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைத்தீர்கள். ஊராட்சிக்கு என்ன வரி கட்டினீர்கள். இவ்வளவும் உங்கள் ஆடிட்டரிடம் தயாராக இருக்கிறது. எடுத்து எழுத அரைநாள் போதும், நானே செய்திருக்கிறேன். தமிழில் போடுங்கள், கார்பஸ் கடிதத்தைப் போல இங்கிலீஷில் வேண்டாம்.

அட்மிஷன் கவுன்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினால் போதும். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பு ஒட்டினால் இன்னும் நல்லது. முதலில் ஒட்டுகிற கல்லூரி எது என்று எழுதினால், கிராம சபையில் எழுந்து அதன் பெயரைச் சொல்லி, எங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பலாம் என்று சொல்லத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
வல்லம், செஞ்சி வட்டம்.